எல்லையோரக் குடும்பங்களும் கல்விக் கடனும்: எந்த வழியில் படிக்க வைப்பது?

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள் வரை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான் நடக்கிறது. பிள்ளையைக் கோயம்புத்தூரில் சேர்ப்பதா, பாலக்காட்டில் சேர்ப்பதா என்பது ஒரு கேள்வி. பணத்துக்கு வங்கியை நம்புவதா, நகையை அடகு வைப்பதா, தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்குவதா என்பது மற்றொரு கேள்வி. பெரும்பாலான வீடுகளில் முதல் கேள்விக்கு விடை கண்டு, முன்பணமும் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் இரண்டாவதைக் கையில் எடுக்கிறார்கள். அந்த வரிசைதான் பல குடும்பங்களைத் தேவையில்லாத கடனில் தள்ளுகிறது என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கல்லூரி, எந்த மாநிலம், எந்த வழியில் கிடைத்த இடம் என்பதே எந்தக் கடன் கிடைக்கும், அதற்கு யார் வட்டி கட்டுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைத்தே எடை போட வேண்டும்.

எல்லையோரத்தில் வாழ்கிறவர்கள் மறக்கக் கூடாத ஒரு வேறுபாடு உண்டு. மாநில அரசு தரும் கட்டணச் சலுகைகள் பெரும்பாலும் சோதனைச் சாவடியோடு நின்றுவிடுகின்றன. கல்விக் கடனும் அதற்கான வட்டி மானியமும் மத்திய அரசின் ஏற்பாட்டில் வருவதால் எல்லையிலுள்ள வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவற்றுக்கு ஒரே விதிதான். ஆந்திரத்தின் சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் சென்னைக்கோ வேலூருக்கோ பிள்ளைகளை அனுப்பும்போதும் இதே நிலைதான். ஆகையால் அந்தப் பக்கம் சேர்த்தால் எந்தச் சலுகையை இழக்கிறோம், அந்த இழப்பைக் கடனால் ஈடுகட்டினால் அதன் விலை என்ன என்று கணக்குப் போடுவதே சரியான தொடக்கம்.

முதலில் திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதலில் பட்டம் பெறப் போகிறவருக்கு முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சான்றின் பேரில் கட்டணச் சலுகை கிடைக்கிறது. 2022 இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் 2024 இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் கணக்குக்கே வருகிறது. இவை எல்லாம் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த கணக்கையும், சில இடங்களில் தமிழ்நாட்டுப் பூர்வீகத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழி அரசுப் பள்ளியிலேயே 12 ஆண்டுகள் படித்த பெண் ஒருத்தி, தமிழ்வழியில் படித்தவள் என்பதாலேயே புதுமைப் பெண் உதவி பெற்றுவிட முடியாது, ஏனென்றால் அவள் படித்த பள்ளி கேரள அரசுப் பள்ளி. மறுபுறம், வீடு கேரளத்தில் இருந்தும் தினமும் எல்லை தாண்டிப் போய்த் தமிழ்நாட்டில் 8 முதல் 12 வரை படித்த பிள்ளை அங்கே பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம்; ஆனால் பூர்வீகம் வேறு மாநிலம் என்பதால் பொதுப் பிரிவில்தான் கணக்கில் வரும். பள்ளிக் கணக்கு வேறு, பூர்வீகக் கணக்கு வேறு. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தெளிவது நல்லது.

கேரளப் பக்கம் இந்த வேறுபாடு வேறு உருவில் வருகிறது. கேரள நுழைவுத் தேர்வு வழிச் சேர்க்கையில் பூர்வீகம் கேரளம் என்று காட்ட முடியாதவர்களுக்கு வகுப்புவாரி ஒதுக்கீடோ கட்டணச் சலுகையோ கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து, திருமணத்தால் இங்கே வந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இந்தச் சான்று வாங்குவதில் அலைச்சல் அதிகம். பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய மத்தியக் கல்வி உதவித் தொகையை, மாணவர் எங்கே படித்தாலும், அவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலமே வழங்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் போதும். கேரளத்துப் பிள்ளை கோயம்புத்தூரில் படித்தாலும் கேரளத்தின் இ-கிராண்ட்ஸ் என்ற உதவித் தொகை இணையதளம் வழியாகத்தான் இதைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் கிடைக்காது என்றே பதில் வரும், அதைக் கேட்டுவிட்டு மனம் தளர்ந்து திரும்பி வருகிறவர்கள் உண்டு.

சித்தூர் அரசுக் கல்லூரியிலோ பொள்ளாச்சி, கோவை அரசுக் கல்லூரிகளிலோ கலை, அறிவியல் படிப்பு கிடைத்து, வீட்டிலிருந்து பேருந்தில் போய்வர முடிந்தால், கல்விக் கடன் என்ற பேச்சையே எடுக்க வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடன் கிடைக்கிறது என்பதற்காகவே விலை கூடிய படிப்பைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது.

இனிக் கடனுக்கு வருவோம். அரசு கல்விக் கடன் என்று நாம் பேச்சில் சொன்னாலும், இந்தியாவில் மாணவருக்குக் கடன் கொடுப்பது வங்கிதான். வங்கிகள் எந்த முறையில் கொடுக்க வேண்டும் என்பதற்கு இந்திய வங்கிகள் சங்கம் 2001 இல் ஒரு மாதிரித் திட்டம் வகுத்தது. பின்னர் பலமுறை அது திருத்தப்பட்டது. அரசின் பங்கு இரண்டு: ஒன்று, மாணவர் கட்டத் தவறினால் வங்கிக்கு ஏற்படும் இழப்பில் ஒரு பகுதிக்கு உத்தரவாதம் தருவது; மற்றது, தகுதியுள்ளவர்களின் வட்டியைத் தானே ஏற்பது. அசலை அரசு கட்டுவதில்லை. மானியக் கடன் என்ற பெயரைக் கேட்டு, பாதிப் பணம் தள்ளுபடியாகிவிடும் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிற பெற்றோரை இன்றும் பார்க்கலாம். அவர்களுக்கு முதலில் புரிய வேண்டியது இதுதான்.

மாதிரித் திட்டத்தின்படி உள்நாட்டுப் படிப்புக்குப் பொதுவாக 10 லட்சம் ரூபாய் வரை கொடுக்கலாம். 4 லட்சம் வரை பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும்; சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு மேல் 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு, மூன்றாம் நபர் ஜாமீனுக்குப் பதிலாக அரசின் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது. 7.5 லட்சத்தைத் தாண்டினால் நிலமோ வீடோ ஈடாகக் கேட்பார்கள். 4 லட்சம் வரை கையிலிருந்து எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் செலவில் 5 விழுக்காட்டை நாம் போட வேண்டும். படிப்புக் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், கணினி முதலியவை கடனில் அடங்கும். கட்டணத்தை ஒவ்வொரு பருவத்துக்கும் வங்கி நேராகக் கல்லூரிக்கே அனுப்பும். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். அந்தக் காலத்தில் தனிவட்டி மட்டுமே சேரும். அதன் பின் 15 ஆண்டு வரை தவணையாகக் கட்டலாம்.

இந்த அடிப்படையின் மேல்தான் இரண்டு வட்டி மானியங்கள் நிற்கின்றன. எல்லையோரக் குடும்பம் ஒன்று கவனமாக ஒப்பிட வேண்டியவை இவைதான்.

முதலாவது, 2009 முதல் நடப்பிலுள்ள மத்திய வட்டி மானியத் திட்டம். குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பிள்ளை தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் உரிய வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும். கல்லூரி நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்றதாகவோ, படிப்பு என்பிஏ (தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்றதாகவோ, நிறுவனம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாகவோ மத்திய அரசு நிதியில் நடப்பதாகவோ இருக்க வேண்டும். இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த மானியம் கிடைக்கும். நடுவில் படிப்பை விட்டுவிட்டால், மருத்துவக் காரணத்தைச் சான்றோடு காட்டினால் தவிர, மானியமும் போய்விடும்.

இரண்டாவது, 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம். தேசியத் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களுக்கும் மத்திய அரசு நிறுவனங்களுக்கும் மட்டும் இது பொருந்தும். தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் 860 நிறுவனங்கள் இருந்தன. அங்கே தகுதி அடிப்படையில் இடம் பெற்ற எவருக்கும் ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. படிப்பு கலையா, அறிவியலா, பொறியியலா என்ற வேறுபாடு கடனுக்கு இல்லை. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 விழுக்காட்டை அரசு ஏற்கும். ஆனால் ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்குத்தான் இந்த 3 விழுக்காடு. அரசு நிறுவனங்களில் தொழில்நுட்ப, தொழிற்படிப்பு படிக்கிறவர்களுக்கு முன்னுரிமை. வேறு அரசு உதவித் தொகையோ வட்டி மானியமோ பெறுகிறவருக்கு இது கிடையாது.

கஞ்சிக்கோட்டு ஐஐடியில் இடம் கிடைத்த பிள்ளைக்கு இரண்டாவது வழி இயல்பாகவே திறந்திருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தைப் போலத் தரவரிசையில் இருக்கும் நிறுவனங்களும் நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. சேரும் ஆண்டில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று வித்யாலட்சுமி இணையதளத்தில் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் சேருவது கோவையைச் சுற்றியுள்ள சுயநிதிக் கல்லூரிகளில். அவற்றில் பல அந்தப் பட்டியலில் இல்லை. நாக் அங்கீகாரம் உள்ளவை பல உண்டு. எனவே 4.5 லட்சத்துக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பத்துக்கு முதல் திட்டமே தெளிவாக மேலானது. 5, 6 லட்சம் வருமானமுள்ள குடும்பம், ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் குடும்பத்தைப் போல, இரண்டு திட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அவர்கள் 3 விழுக்காடு கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் தாங்குமா என்று பார்த்தே கடனின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

மானியத்தின் மதிப்பை எண்ணில் பார்த்தால்தான் மனத்தில் பதியும். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் 4 லட்சம் ரூபாய் கடன் என்றும், வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதலாண்டில் வாங்கிய 1 லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தடுத்த தொகைகளுக்கு 40,000, 30,000, 20,000. தவணை தொடங்கும் நாளில் மொத்த வட்டி 1,40,000 ஆகிவிடுகிறது. மானியம் இல்லாதவர் 5,40,000 ரூபாய்க் கடனோடு வேலைக்குப் போகிறார். பத்தாண்டில் கட்டுவதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 7,136 ரூபாய். முழு மானியம் பெற்றவர் 4 லட்சத்துக்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 5,286 ரூபாய் கட்டுகிறார். பத்தாண்டில் இருவருக்கும் உள்ள வேறுபாடு 2.22 லட்சம் ரூபாய். 3 விழுக்காடு மானியம் பெற்றவருக்கு 1,40,000 வட்டியில் 42,000 குறையும்.

மானியம் எதுவும் இல்லாத குடும்பத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. படிக்கும்போதே மாத வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வரலாம். மேலே சொன்ன கணக்கில் முதலாண்டு மாத வட்டி 833 ரூபாய். இரண்டாம் ஆண்டு 1,667. மூன்றாம் ஆண்டு 2,500. அதன் பிறகு 3,333. அப்படிக் கட்டுகிறவருக்கு வட்டி விகிதத்தில் 1 விழுக்காடு வரை குறைக்கவும் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் படித்துப் புதுமைப் பெண் உதவி பெறும் மாணவி அந்த 1,000 ரூபாயை முதலாண்டில் வட்டிக்கே திருப்பிவிட்டால் வீட்டிலிருந்து ஒரு பைசா வேண்டாம். இரண்டாம் ஆண்டில் 667 ரூபாய் சேர்த்தால் போதும். படிப்பு முடியும்போது கடன் வாங்கிய அளவிலேயே நிற்கும். பால் சங்கத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை பணம் வாங்கும் குடும்பங்களுக்கு இது எட்டாத தொகை அல்ல என்றே நினைக்கிறேன்.

நகைக் கடனையும் வெளிக் கடனையும் இதோடு ஒப்பிடுவதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் கடைவீதிக்குக் கடைவீதி நகைக் கடன் நிறுவனம் இருக்கிறது. அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வந்துவிடுகிறது. வங்கி இழுத்தடிக்கும்போது முதல் பருவக் கட்டணத்தைக் கட்ட அது உதவும். ஆனால் நகைக் கடன் பொதுவாக ஓராண்டுக் கடன். நான்காண்டுப் படிப்பை அதை வைத்து ஓட்டினால், ஒவ்வோர் ஆண்டும் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். வறட்சியாண்டு ஒன்று குறுக்கே வந்தால் தாலிக்கொடி ஏலத்துக்குப் போகும். வெளியில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு. மேலே 1,40,000 என்று வந்த அதே வட்டி அங்கே 3,36,000 ஆகும். வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் சில கல்விக் கடனை விரைவாகத் தருகின்றன. நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கும் தருகின்றன. அவற்றின் வட்டி பெரும்பாலும் பொதுத்துறை வங்கியைவிடக் கூடுதல், படிக்கும்போதே ஒரு பகுதி வட்டியைக் கட்டச் சொல்வதும் உண்டு. மத்திய வட்டி மானியத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. பொதுத்துறை வங்கியில் எழுத்துமூலம் மறுப்பு வாங்கிய பிறகே அந்தப் பக்கம் போவது நல்லது.

எல்லையோரத்தில் வங்கியை அணுகும்போது வரும் தனிச் சிக்கல் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். வீடு கேரளத்தில், கல்லூரி தமிழ்நாட்டில், பெற்றோர் கணக்கு வைத்திருப்பது கோவைக் கிளையில் என்றால், ஒவ்வொரு கிளையும் மற்றொன்றைக் கைகாட்டும். வீட்டுக்கு அருகிலுள்ள கிளை, கல்லூரி வேறு மாநிலம் என்று சொல்லும். கல்லூரிக்கு அருகிலுள்ள கிளை, நீங்கள் எங்கள் சேவைப் பகுதியில் இல்லை என்று சொல்லும். இப்படி மூன்று வாரம் அலைந்துவிட்டு நகையை வைத்துக் கட்டணம் கட்டிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். கல்விக் கடனுக்குச் சேவைப் பகுதி என்ற விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. எனவே அந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பது தவறு. நடைமுறையில், பெற்றோர் வசிக்கும் இடத்துக்கு அருகிலுள்ள கிளையில் விண்ணப்பிப்பதே வசதி. நான்காண்டும் அதற்குப் பிறகும் அந்தக் கிளையோடுதான் பழக வேண்டியிருக்கும். விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளம் வழியாகவே போட்டால், போட்ட நாளும் அதன் நிலையும் பதிவில் இருக்கும். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பிவிட முடியாது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வங்கியிடம் கொடுத்த முறையீட்டுக்கு 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

வருமானச் சான்றும் இப்படியொரு இடம்தான். கேரளப் பக்கம் அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீஸ் வழியாகவும், தமிழ்நாட்டுப் பக்கம் இ-சேவை மையம் வழியாகவும் வருமானச் சான்று வாங்குகிறோம். ஆனால் வட்டி மானியத்துக்கென்று அந்தந்த மாநில அரசு எந்த அலுவலரை நியமித்திருக்கிறதோ அவர் தந்த சான்றுதான் செல்லும். உதவித் தொகைக்காக வாங்கியது போதும் என்று இருந்துவிட்டு, கடைசி நாளில் ஓடக் கூடாது. எந்த அலுவலரின் கையெழுத்து வேண்டும் என்று வங்கியில் முதலிலேயே கேட்டு எழுதிக்கொண்டு வந்து, கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். சான்றைக் கொடுத்ததோடு வேலை முடியாது. மானியத்துக்கான கோரிக்கையைக் கிளைதான் பதிவு செய்ய வேண்டும். இந்தத் திட்டத்துக்குத் தலைமை வங்கி கனரா வங்கி. கடன் கணக்கின் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறையாவது அச்செடுத்துப் பாருங்கள். வட்டி பற்று வைத்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். மானியம் வந்திருந்தால் அந்த வரவும் அங்கே தெரியும். ஓராண்டு கடந்தும் வரவு வரியே இல்லையென்றால், கோரிக்கை போய்ச் சேரவில்லை என்று சந்தேகித்து உடனே கேட்க வேண்டும். படிப்பு முடிந்த பிறகு பழைய ஆண்டுகளுக்குக் கேட்டு வாங்குவது கடினம்.

கடன் அனுமதிக் கடிதத்தையும் வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை முழுமையாகப் படிக்க வேண்டும். வட்டி நிலையானதா, மாறக்கூடியதா. மாறக்கூடியது என்றால் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி விகிதம் ஏறும்போது இதுவும் ஏறும். தவணை எந்த மாதத்தில் தொடங்குகிறது. கடன் எந்தத் திட்டத்தின் பெயரில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மாணவரின் பெயரில் ஆயுள் காப்பீடு சேர்க்கப்பட்டிருக்கிறதா, அதன் தொகை கடனோடு கூட்டப்பட்டிருக்கிறதா. கடிதத்தில் பொதுக் கல்விக் கடன் என்று இல்லாமல் தனிநபர் கடன் என்றோ சொத்து அடமானக் கடன் என்றோ இருந்தால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம். அதற்கு மேற்சொன்ன எந்த மானியமும் வராது.

தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மே, ஜூன் மாதங்களில் பேருந்து நிலையச் சுவர்களில், வெளியூர் நர்சிங் கல்லூரிகளின் பெயரில், சீட்டும் லோனும் நாங்களே வாங்கித் தருகிறோம் என்ற நோட்டீஸ்கள் ஒட்டப்படுகின்றன. ஐந்து, பத்தாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோய்விடுகிறார்கள். அந்த வழியில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். தகுதிப் பட்டியல் வழியாகச் சேர்ந்தவருக்கு உள்ள வட்டிச் சலுகை அங்கே கேள்விக்குறியாகிவிடும். கடனே கிடைத்தாலும் வங்கியின் வேறு திட்டத்தில், கூடுதல் வட்டிக்குக் கிடைக்கலாம். கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்ந்துவிட்டால், பட்டமும் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சும். தரகருக்குக் கொடுக்கும் பணத்தையும் அசல் சான்றுகளையும் காப்பாற்றிக்கொள்வது, வட்டி விகிதத்தில் அரை விழுக்காடு குறைப்பதைவிடப் பெரிய சேமிப்பு.

எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு: அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்பை முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் வேலையில் வாங்கும் சம்பளம். விளம்பரத்தில் போடும் உச்சச் சம்பளத்தை விட்டுவிட்டு, நடுத்தரமாகப் படித்த மூன்று, நான்கு பேரை நேரில் கேட்க வேண்டும். மாதம் 18,000 என்று அவர்கள் சொன்னால், 5,286 ரூபாய்த் தவணையே சம்பளத்தில் 29 விழுக்காடு. 7,136 என்பது 40 விழுக்காடு. கோவையிலோ சென்னையிலோ வாடகை கொடுத்துச் சாப்பிடுகிறவரால் 40 விழுக்காட்டைத் தவணைக்கு ஒதுக்க முடியாது. அந்த இடத்தில்தான் 4 லட்சம் என்ற எல்லைக்குள் நிற்பதன் அருமை தெரியும்: ஈடு வேண்டாம், முன்பங்கு வேண்டாம், திருப்பிக் கட்டுவதும் கைக்குள் அடங்கும். விடுதிச் செலவைக் கடனில் சேர்க்காமல் பேருந்திலோ ரயிலிலோ போய்வர முடிந்தால், எல்லையோரத்தில் வாழ்வதன் அருகாமை நமக்குச் சாதகமாகிறது.

திருப்பிக் கட்டும் காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு ஒப்பீடுதான். 5,40,000 ரூபாய்க் கடனைப் பத்தாண்டுக்குப் பதில் 15 ஆண்டில் கட்டினால் தவணை 7,136 இலிருந்து 5,803 ஆகக் குறையும். ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 1.88 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்டுவோம். வேலை உறுதியில்லாதவருக்கு நீண்ட காலத்தை எடுத்துக்கொள்ளவே நான் சொல்வேன். தவணை சிறியதாக இருப்பது பாதுகாப்பு. கையில் பணம் வரும்போது முன்கூட்டிக் கட்டலாம். மாறும் வட்டிக் கடனுக்கு அதற்காகத் தண்டம் கிடையாது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்துவிட்டால், பழைய வரி முறையில் எட்டாண்டு வரை கட்டிய வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம்; புதிய முறையில் அது இல்லை.

தேர்தல் வரும்போதெல்லாம் கல்விக் கடன் தள்ளுபடி என்ற பேச்சு இரு மாநிலங்களிலும் எழுகிறது. அதை நம்பித் தவணையை நிறுத்துகிறவர்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை நின்றால் வங்கி அதை வராக்கடனாக எழுதும். இணைக் கடனாளி என்பதால் தாய், தந்தையின் சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவிலும் அது ஏறும். பிறகு அவர்கள் மாட்டுக் கடனுக்கோ பயிர்க் கடனுக்கோ வங்கிப் படி ஏறும்போது அந்தப் பழைய நிலுவை முன்னால் வந்து நிற்கும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று விதி இருந்தாலும், அந்த நிலைமை வரை போகவிடாமல் தடுக்க வழி உண்டு. வேலை கிடைக்காத காலத்திலும், குறைந்த சம்பளத்தில் தத்தளிக்கும் காலத்திலும், கடன் காலத்துக்குள் இரண்டு, மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்க மாதிரித் திட்டமே இடம் தருகிறது. தொடக்கத்தில் சிறிய தவணையும் சம்பளம் ஏறியபின் பெரிய தவணையுமாக மாற்றிக் கேட்கவும் முடியும். இதை வங்கி தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது; மாணவர்தான் எழுதிக் கேட்க வேண்டும். முதல் தவணை தவறுவதற்கு முன்பே, வேலை தேடிவரும் நிலையைச் சொல்லி, கடன் கணக்கு எண்ணோடு கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.